மெய்த்தட்டும் உப்புக் கையும்

அளத்தெருவுல பொழுது விடிஞ்சா எல்லாரும் மெய்த்தட்டு முன்னாடி வரிசையில நிக்கணும். "நேத்து யார்கிட்டயாவது பொய் சொன்னீங்களா?"ன்னு தட்டு கேக்கும். பதில் சொல்லிட்டு உள்ளங்கையை வைக்கணும். அஞ்சு வோல்ட்டு குடுத்து, எவ்வளவு கரண்ட் ஓடுதுன்னு பாத்துக் காட்டும். வோல்ட்டைக் கரண்டால வகுத்தா உடம்போட மின்தடை. பொய் சொல்றவனுக்குப் பயத்துல கை வேர்க்குமாம், தடை குறையுமாம். ஐம்பதாயிரம் ஓமுக்குக் கீழ போனா சிவப்பு. மூணு சிவப்பு விழுந்தா ஊரை விட்டே வெளிய.

ஜெபமலருக்குப் பதினஞ்சு வயசு. தினமும் பொய் சொல்வா. தினமும் பச்சை. அவ அம்மா புஷ்பம் உப்பளத்துல வேலை பாக்கா. அந்த வாயில பொய்யே வராது. ரெண்டு சிவப்பு விழுந்தாச்சு.

ராத்திரி ஜெபமலருக்குத் தூக்கம் வரல. அம்மாவை உலுக்கி எழுப்பினா.

"எம்மா, பயமா இருக்கு. நாளைக்கும் சிவப்பு வந்துட்டா?"

"நான்தான் பொய் சொல்லலயே. படுட்டி."

"உன் பொய்யை யாரு அளக்கா? உன் கையில இருக்க உப்பையில்லா அளக்கான்! எனக்கு ஓடுறது 0.05 மில்லி ஆம்பியர். அப்ப லட்சம் ஓம். உனக்கு அரை மில்லி ஆம்பியர். பத்தாயிரம் ஓம்தான். உப்புத் தண்ணியில ஊறி வெடிச்ச கையில கரண்ட் சும்மா பாயும்மா."

"நல்ல தண்ணியில கழுவிட்டுத்தான வைக்கேன்?"

"ஈரக் கையோட வச்சா இன்னும் மோசம். உள்ளங்கையில பசையைத் தடவிக் காய விடு. பச்சை வரும்."

புஷ்பம் எந்திரிச்சு உக்காந்தா. "தட்டை ஏமாத்தச் சொல்லுதியா? மறுநாள் அது கேக்கும்போது நான் என்னன்னு சொல்ல?"

சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டா. ஜெபமலருக்கு ஆத்திரத்துல பல்லு நறநறன்னுச்சு. அஞ்சு வோல்ட்டு, அரை மில்லி ஆம்பியர். பெருக்கினா ரெண்டரை மில்லிவாட். அதுல ஒரு டார்ச் பல்பு கூட எரியாது. அதை வச்சு எங்கம்மாவைப் பொய்க்காரிம்பானுவளாம், ஊரை விட்டு விரட்டுவானுவளாம்!

காலையில வரிசையில அம்மாவுக்கு முன்னாடி போய் நின்னா. பாட்டில்ல கொண்டு வந்த உப்பளத்துத் தண்ணியை உள்ளங்கையில ஊத்திக்கிட்டா. தட்டு கேட்டுச்சு.

"ஆமா. தினமும் பொய்தான் சொல்றேன்."

கையை வச்சா. சிவப்பு. "நீங்கள் சொன்னது பொய்"ன்னுச்சு தட்டு.

வரிசையே கொல்லுனு சிரிச்சுது.

"பொன்ராஜ் சார், பொய் சொல்வேன்னு உண்மையைச் சொன்னா அதையும் பொய்ங்குது உங்க தட்டு!" பாட்டிலைத் தட்டுக்குப் பக்கத்துல நின்ன அதிகாரி மூஞ்சிக்கு நேரா நீட்டினா. "இந்தாங்க, நீங்களும் கையை நனைச்சிட்டு உங்க பேரைச் சொல்லிப் பாருங்க. அதுவும் பொய்யாத்தான் இருக்கும்."

பொன்ராஜ் பாட்டிலைப் பார்த்தார். ரெண்டு கையையும் மெதுவா பேன்ட் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டார்.

"அடுத்த ஆள்."

புஷ்பம் கழுவுன கையோட வந்தா. "சொல்லல"ன்னா. சிவப்பு.

யாரும் சிரிக்கல.

அம்மா ஊர் கேட்டைத் தாண்டி வெளிய நடக்கும்போது ஜெபமலரும் கூடவே போனா. யாரு தடுத்தும் நிக்கல. கொஞ்ச தூரம் போனதும் புஷ்பம் நின்னா.

"தினமும் பொய் சொல்வேன்னியே. நெசமா?"

"நெசந்தாம்மா."

பளார்னு ஒரு அறை. கன்னத்துல உப்பு எரிஞ்சுது. அந்த ஊருல அவ சொன்னதை நம்பினது அந்தக் கை ஒண்ணுதான்.