உயிருள்ளவர்கள் ஏறக்கூடாத கார்

எங்கள் காரை யாராவது ஓட்டை என்று சொன்னால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். அதற்குப் பன்னிரண்டு வயது. என்னைவிட இரண்டு வயது மூத்தது. கூரை வெறும் கித்தான்தான். ஆனால் ஒருநாளும் எங்களை நடுவழியில் விட்டதில்லை. ஞாயிறுதோறும் அப்பா பிரேக்கைச் சரிபார்ப்பார். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை.

அந்தக் காரைத்தான் கிராணி சபாபதி அப்படிச் சொன்னார்.

1934, ஆயுத பூசைக்கு மறுநாள். எங்கள் ரப்பர் தோட்டப் பள்ளியிலிருந்து நாங்கள் ஐந்து பெண்கள் பொந்தியான் நகரில் நடக்கும் பாட்டுப் போட்டிக்குப் போக வேண்டும். பத்து மணிக்குப் போட்டி. தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதும் கிராணியிடம் புத்தம்புதுக் கார். தோட்ட மருத்துவமனையில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரசராக இருந்த என் அப்பா தங்கரத்தினத்திடம் எங்கள் பழைய கார்.

“பிள்ளைங்க எல்லாம் என் வண்டியில ஏறட்டும். உயிருள்ளது எதுவும் அந்த ஓட்டைப் பழசுல ஏற வேணாம். சாப்பாட்டுத் தூக்கும் பாயும் அதுல வரட்டும்,” என்றார் கிராணி.

அப்படியென்றால் ஓட்டுகிற என் அப்பா யார்? பாயா, தூக்கா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேண்டுமென்றே எங்கள் காரில் ஏறி, தூக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். என் சிநேகிதி செல்வராணி புதுக் காரிலிருந்து பாவமாகப் பார்த்தாள்.

புதுக் காரின் முகப்பே தெரியவில்லை. பூசையில் போட்ட சாமந்தி மாலை, வாழையிலை, மாவிலை என்று ஒரே பந்தல். தானாக வாடும்வரை கழற்றக் கூடாதாம். எங்கள் காருக்கு ஒரு பூகூட மிச்சம் வைக்கவில்லை. அந்தக் கோபம் வேறு.

ஆயர் ஈத்தாம் ஊரைத் தாண்டி ஒரு மேட்டில் புதுக் கார் நின்றுவிட்டது. முன்னாலிருந்து ஆவி குபுகுபுவென்று வந்தது. மணி எட்டு. செல்வராணி அழ ஆரம்பித்தாள்.

“இந்தப் பழசு பின்னாலேயே வந்துச்சு. அதான் கண்ணு பட்டுருச்சு,” என்ற கிராணி, ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார்.

நன்றாகச் சுட்டுக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். ஒரே ஒரு நொடிதான். பிறகு ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன்.

“தொடாதேங்கோ. கொதிதண்ணி முகத்தில அடிக்கும். கண்ணும் இல்லை, ஒண்டும் இல்லை. காத்துப் போற வழியை மாலையால அடைச்சு வச்சிருக்கிறீங்கள். பிறகு எப்பிடிச் சூடு ஆறும்?”

அப்பா குனிந்து பார்த்துவிட்டு, நான் சொல்வது சரி என்றார். குறைந்தது முக்கால் மணி நேரம் ஆறவிட வேண்டும் என்றார். அதுவரை காத்திருந்தால் பத்து மணிக்குப் போய்ச் சேர முடியாது.

“அப்ப எல்லாரும் எங்கட காரில வரட்டும்,” என்றேன்.

கிராணி எங்கள் கித்தான் கூரையைப் பார்த்தார். தன் காரின் ஆவியைப் பார்த்தார். மெல்லத் தலையாட்டினார்.

தூக்குகளும் பாயும் புதுக் காருக்கு மாறின. எங்கள் தண்ணீர் டின்னைக் கிராணியிடம் கொடுத்து, ஆறிய பிறகு ஊற்றச் சொன்னேன். மாலைகளைப் பின்பக்கம் கட்டிக்கொள்ளச் சொன்னேன்.

ஓர் இறக்கத்தில் எருமை ஒன்று குறுக்கே வந்தது. அப்பா பிரேக்கை மிதித்தார். கார் மிதித்த இடத்தில் நின்றது. எருமை அவசரமே இல்லாமல் கடந்து போனது.

பத்து மணிக்குச் சற்று முன்னால் போய்ச் சேர்ந்தோம். பாடினோம். இரண்டாம் பரிசு கிடைத்தது.

மத்தியானம் கிராணி சாப்பாட்டோடு வந்தார். இருப்பதிலேயே பெரிய மாலையைத் தானே கழற்றி எடுத்துக்கொண்டு எங்கள் காரின் முகப்புக்குப் போனார்.

“கிராணியார், பின்னுக்கு,” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். சுற்றிப் போய்ப் பின்பக்கம் கட்டினார்.

திரும்பும்போது உயிருள்ள ஐந்து பெண்களும் எங்கள் காரில்தான் வந்தோம். புதுக் காரில் காலித் தூக்குகள் வந்தன.