சும்மாநொதி

வெள்ளிக் கோளைச் சுற்றிவரும் மிதவை நகரத்தில் மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லாரும் சட்டையைக் கழற்றிவிட்டுக் கண்ணாடிக் கூடத்தில் குப்புறப் படுத்துக்கொள்வார்கள். அரைமணி நேரம் முதுகில் வெயில் பட்டால் சாப்பாடு முடிந்தது. பக்கத்தில் படுத்திருப்பவரோடு ஊர்வம்பு பேசலாம்; கை கழுவ வேண்டியதில்லை. அங்கே குழந்தைக்கு ஆறாம் மாதம் சோறூட்டுவதில்லை, முதுகில் இலைப்போர்வை ஒட்டுவார்கள். தோலோடு தோலாக வளரும் பச்சை இலை அது.

பகலில் அந்த இலை வெயிலை வாங்கி மாவுச்சத்தாகச் சேர்த்துவைக்கும். விளக்கணைந்ததும் இலைக்குள் இருக்கும் ஏழு நொதிகள் அதைச் சர்க்கரையாக உடைத்து இரத்தத்தில் விடும். மாவுச்சத்து லேசில் உடையாது. இறுக்கிக் கட்டிய மூட்டை அது. ஒரு நொதி மேற்பரப்பை இளக்கிக் கொடுக்கும். சில நுனியிலிருந்து துண்டு துண்டாக வெட்டும். இன்னொன்று கிளைகளை முறிக்கும். ஏழாவது மட்டும் மூட்டையின் மேல் போய் உட்கார்ந்திருக்கும், எதையும் வெட்டாது. ஆய்வுக்கூடத்தில் அதற்குச் சும்மாநொதி என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

ஆய்வுக்கூடத்திலும் அப்படி ஒருவர் இருந்தார். பெயர் உதியன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இலை அறையில் வஞ்சியிடம் பத்து நிமிடம் நிற்பார், இரத்த அறையில் நன்னனிடம் பத்து நிமிடம் உட்காருவார், அங்கே கேட்டதை இங்கே சொல்வார். நாள் முழுக்க இதே நடைதான். அவர் மேசையில் தூசி படிந்திருந்தது.

நொதிக்கும் உடம்புக்கும் வேண்டிய நைட்ரஜனுக்கு நகரத்தில் தட்டுப்பாடு வந்தபோது, எதை, யாரைக் கழிக்கலாம் என்று பார்க்கச் சிக்கனச் சபை ஒரு படிவத்தை அனுப்பியது. பூமியிலிருந்து முன்னோர்கள் கொண்டுவந்த படிவம் அது. கூடவே வந்த விதைகளில் பாதி வழியிலேயே கெட்டுப்போயின. படிவத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. நொதியானாலும் ஆளானாலும் அதில் ஒரே கேள்விதான்: தனியாக ஒரு நாளில் எவ்வளவு வேலை?

ஆய்வுக்கூடத் தலைவி நப்பின்னை நேர்மையானவள். ஏழு நொதிகளையும் ஏழு குழாய்களில் தனித்தனியாகச் சோதித்தாள். ஏழாவது குழாயில் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு ஆட்களை ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டுக் கேட்டாள். உதியன் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். இரண்டு படிவங்களிலும் சுழியம் போட்டுக் கையெழுத்திட்டாள்.

நொதியை இலையிலிருந்து நீக்கினார்கள். உதியனைப் பனிநிலாக்களுக்குப் போகும் கப்பலில் ஏற்றினார்கள். முதல் பதினான்கு நாட்களுக்குள் என்றால் படகு அனுப்பிக் கூட்டிவந்துவிடலாம். அதற்கு மேல் போனவர் போனவர்தான். நப்பின்னை வழியனுப்பப் போனாள்.

"எனக்குக் கோவமெல்லாம் இல்லம்மா," என்றார் உதியன். "என் இடத்துல யாராவது நடந்துக்கிட்டு மட்டும் இருக்கட்டும்."

யாரும் நடக்கவில்லை. நடப்பதற்குப் படிவத்தில் இடமில்லை.

சில நாட்களில் ஊரே சோர்ந்துபோனது. காலையில் எழுந்தால் தலை சுற்றியது. வயதாகிறது, தூக்கம் போதவில்லை என்று ஆளாளுக்கு மனசுக்குள்ளேயே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார்கள். தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்ததால் யாரும் வெளியே சொல்லவில்லை. நப்பின்னையும் சொல்லவில்லை. பதினாறாம் நாள் காலையில் ஆய்வுக்கூட நடைபாதையிலேயே மயங்கி விழுந்தாள்.

சத்தம் கேட்டு ஒரு கதவிலிருந்து வஞ்சியும் எதிர்க் கதவிலிருந்து நன்னனும் ஓடிவந்தார்கள். அவளுக்கு நினைவு திரும்பியபோது நன்னன் அவள் வாயில் சர்க்கரைக் கரைசலை ஊற்றிக்கொண்டிருந்தான். வஞ்சியின் கை அவள் முதுகில் இருந்தது.

"இவங்க முதுகும் அப்பளமா வெறைச்சிருக்கு. உள்ள மாவுச்சத்து உடையாம அப்படியே கெடக்கு," என்றாள் வஞ்சி.

"இரத்தத்துல சர்க்கரையே இல்ல. ஊர்ல எல்லாருக்கும் இப்படித்தான். நாலாம் நாள்லேர்ந்து குறிச்சு வெச்சிருக்கேன்."

"நான் மூணாம் நாள்லேர்ந்து குறிச்சிருக்கேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு அறைக்கும் நடுவே பன்னிரண்டு அடி தூரம்தான். மூட்டை மூட்டையாகச் சோற்றை முதுகில் சுமந்துகொண்டு ஊர் பட்டினி கிடந்தது, அந்தப் பன்னிரண்டு அடியை யாரும் கடக்காததால்.

எல்லா நொதிகளையும் ஒரே குழாயில் போட வேண்டும் என்று அன்றுதான் நப்பின்னைக்குத் தோன்றியது. சும்மாநொதி இல்லாத குழாயில் மற்றவை தண்ணீரில் திசைக்கொன்றாக அலைந்தன. அதைச் சேர்த்ததும் அது மாவுச்சத்தின் மேல் போய் உட்கார்ந்தது. மற்றவற்றை ஒவ்வொன்றாக இழுத்துப் பிடித்துக்கொண்டது. இளக்குவது இளக்கியது, வெட்டுவது வெட்டியது, முறிப்பது முறித்தது. குழாய் மளமளவென்று தெளிந்தது. பார்த்துக்கொண்டே நின்றவளுக்கு அழுகை வந்துவிட்டது. படகு போகக்கூடிய தூரத்தைக் கப்பல் கடந்து இரண்டு நாட்கள் ஆகியிருந்தன.

நடந்ததை எல்லாம் எழுதி மன்னிப்புக் கேட்டு அனுப்பினாள். பதில் மறுநாள் வந்தது. "வஞ்சியும் நன்னனும் இப்போ பேசிக்கிறாங்களா? அது போதும்மா."

ஊர் பிழைத்தது. சும்மாநொதிக்குச் சபை பாராட்டுத் தீர்மானம் போட்டது. இனி நொதிகளை ஒரே குழாயில் வைத்துத்தான் சோதிக்க வேண்டும் என்று விதியையும் திருத்தியது. ஆட்களுக்கும் அப்படியே செய்யலாமே என்று நப்பின்னை எழுதிக் கேட்டாள். ஆட்கள் வேறு துறை என்று பதில் வந்தது.

மறுவருடம் மறுபடியும் படிவம் வந்தது. இந்த முறை தலைவர்களுக்கு. நப்பின்னையைத் தனியாக ஓர் அறையில் உட்காரவைத்தார்கள். எதிரே இருந்த அதிகாரி இளைஞர், மரியாதை தெரிந்தவர். இலை இப்போது தானாகவே நன்றாக வேலை செய்கிறதே, தலைவியாக நீங்கள் ஒரு நாளில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்.

இலை அறைக்கும் இரத்த அறைக்கும் நடந்துகொண்டிருக்கிறேன் என்றாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சுழியம் போட்டார். போட்டவருக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. பேனாவை மூடாமல் நிமிர்ந்தார்.

"அது எவ்வளவு முக்கியமான வேலைன்னு உங்களுக்காகச் சொல்ல யாராவது இருக்காங்களா மேடம்?"

"ஒருத்தர் இருந்தார்," என்றாள் நப்பின்னை. "அவரை அனுப்பின படிவத்துல கையெழுத்து என்னோடது."