ஒன்பதாம் அத்தியாயத்துக் கயிறு

முழங்காலுக்கு வலித்தைலம் தேய்த்துக்கொண்டு புதையல் மலை ஏறப் புறப்பட்ட ஆள் உலகத்திலேயே அருணகிரி ஒருவராகத்தான் இருப்பார். வயது அறுபத்தொன்பது. இடது கால் வலதைவிட முக்கால் அங்குலம் குட்டை. தோள்பையில் தண்ணீர் பாட்டில், அளவு டேப், பழைய கள ஏடு, பிரஷர் மாத்திரை.

ஈப்பாறை அடிவாரத்தில் காத்திருந்த வெள்ளச்சி அவரை மேலும் கீழும் பார்த்தாள். ஐம்பது வயதைத் தாண்டியவள். அந்த மலையில் தேன் எடுப்பவர்களுக்கு அவள்தான் இப்போது தலைவி.

"என்னங்கய்யா வாசம் இது?"

"தைலம்மா. முட்டிக்கு."

"நல்லா இருக்கு! இந்த வாசத்தோட மேல போனா ஈயெல்லாம் கூட்டத்தோட எந்திரிச்சு வந்துரும். முட்டிவலியே இல்லாமப் போயிரும், ஆளும் இருக்க மாட்டீக. ஓடையில எறங்குங்க, கழுவுங்க!"

பனிக்காலத்து ஓடை. தண்ணீர் ஐஸாக இருந்தது. முழங்காலைத் தேய்த்துக் கழுவியபடி, எதற்காக இந்த வேலைக்கு வந்தோம் என்று அருணகிரி தன்னையே நொந்துகொண்டார்.

எல்லாம் அந்தப் புத்தகத்தால் வந்த வினை. சாலை அளக்கும் வேலையில் முப்பத்து நான்கு வருடம் ஊர் ஊராகச் சுற்றியவர் அவர். விடுமுறை கிடைத்தாலும் வீட்டில் இருந்ததில்லை. பாலைவனம், பனிமலை, அந்தமான் காடு என்று அலைந்தார். ஓய்வு பெற்ற பிறகு மதுரையில் ஒரு பதிப்பாளர், "அதையெல்லாம் எழுதுங்க சார்" என்று பிடித்துக்கொண்டார். எட்டு அத்தியாயம் எழுதி முடிப்பதற்குள் அருணகிரிக்கு அந்தப் பயணங்களை மறுபடியும் நடந்தே முடித்த மாதிரி அலுத்துவிட்டது. ஒட்டகத்தைப் பற்றி எழுதினால் இடுப்பு வலித்தது. பனியைப் பற்றி எழுதினால் இருமல் வந்தது.

ஒன்பதாவது அத்தியாயத்தில் பேனா நின்றேவிட்டது. அதுவும் ஒரே ஒரு வரியில்.

'செல்லச்சாமி கயிற்றை விட்டுவிட்டான்.'

வாயால் அதை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். ஆனால் அளவுக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: களத்தில் நின்று சரிபார்க்காத எதையும் ஏட்டில் மசியால் ஏற்றக் கூடாது. அதுவரை பென்சில்தான். அந்த வரியைப் பென்சிலால் எழுதிவிட்டு மூன்று வாரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பதிப்பாளரோ, "சார், கயித்த விட்ட கதைதான் புத்தகத்துக்கே உயிர். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும்" என்று தினமும் போன் போட்டார். அச்சில் ஏறிவிட்டால் செல்லச்சாமியின் பேர் அவ்வளவுதான். பேரன் பேத்தி காலத்துக்கும் அழியாது. அது சரிதானா என்று ஒருமுறை அளந்து பார்த்துவிடலாம் என்றுதான் பஸ் ஏறினார்.

"நடங்க, நடங்க! வெயில் ஏறுனா ஈ உசாராயிரும்" என்றாள் வெள்ளச்சி.

நடந்தார்கள். முதல் ஒரு மணி நேரம் மூங்கில் காடு. அடுத்த ஒரு மணி நேரம் சறுக்குப்பாறை. அதை அருணகிரி பெரும்பாலும் நாலு காலில்தான் கடந்தார். நடுவில் சூடு ஆறாத யானைச் சாணம்! வெள்ளச்சி கையைத் தூக்கினாள். இருவரும் ஒரு பாறை இடுக்கில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மூங்கில் முறியும் சத்தம் மெல்ல மெல்ல மேற்கே போனது. எந்திரிக்க வேண்டுமே என்பதுதான் அருணகிரிக்கு யானையைவிடப் பெரிய கவலையாக இருந்தது.

"அப்பா சொல்லியிருக்காரு, ரெண்டு டவுன் பயலுக வந்தாக, ஒருத்தன் விழுந்தான்னு" என்றாள் அவள்.

"விழுந்தது நான்தாம்மா."

அப்போது அருணகிரிக்கு இருபத்து நாலு வயது, சாலை அளக்கும் வேலையில் சேர்ந்த புதிது. 'அவர்' எல்லாம் வேண்டாம், 'அவன்' போதும். கம்பம் ஊரில் அவனும் செல்லச்சாமியும் ஒரே தட்டில் சாப்பிடும் சிநேகிதர்கள். ஈப்பாறையின் நெற்றியில் ஒரு குகை இருக்கிறது, பழைய பாளையக்காரர் ஒருவர் அதில் பொற்காசுக் குடத்தை ஒளித்துவைத்தார் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். இரண்டு பேருக்கும் தூக்கம் போயிற்று. கடையில் கிடந்த தேங்காய் நார்க் கயிற்றுக் கட்டு ஒன்றை வாங்கினார்கள். எவ்வளவு நீளம் என்று கடைக்காரருக்கே தெரியாது. அருணகிரி அதை முற்றத்தில் போட்டு அளவுச் சங்கிலியால் அளந்தான். நூறு வளையம் கொண்ட நூறு அடிச் சங்கிலி. கயிறு சரியாக இரண்டு சங்கிலி. இருநூறு அடி! பாறை உச்சியிலிருந்து குகை வாசல் திட்டு நூற்றைம்பது அடி ஆழம் என்று கோணம் பிடித்துக் கணக்குப் போட்டிருந்தான். ஐம்பது அடி மிச்சம்!

வெள்ளச்சியின் அப்பா சடையன்தான் வழிகாட்டி. உச்சிக்கு வந்ததும் அவர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"கயிறு புடிக்கிறது யாரு? உம் மச்சானா?"

தேனெடுக்கும் மலைக்காரர்களிடம் அது மாற்ற முடியாத கட்டு. பாறையில் இறங்குபவனுக்கு அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் கயிறு பிடிக்க வேண்டும். தங்கச்சி தாலி அந்தக் கயிற்றில் அல்லவா தொங்குகிறது? எந்த அண்ணன்காரன் விடுவான்!

அருணகிரிக்குக் கல்யாணமே ஆகவில்லை. சடையன் ஒரே பிடியாக நின்றார். செல்லச்சாமி ஒரு நிமிடம் யோசித்தான். பிறகு கயிற்றைக் கையில் எடுத்தான். "என் தங்கச்சி பொற்கொடியை இவனுக்குத்தான் குடுக்கப் போறோம். நான்தான் மச்சான். போதுமா?"

அருணகிரிக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. அவன் மனசில் இருந்ததுதான் அது. கேட்கத்தான் தைரியமில்லாமல் இருந்தான்.

சடையன் ஈயைக் கலைக்கப் புகை போடுவதற்குக் கீழே போனார். உச்சி விளிம்பில் நின்ற வேங்கை மரத்தில் அளவுச் சங்கிலியைச் சுற்றிப் பூட்டி, கயிற்றின் நுனியை அதில் கட்டினார்கள். செல்லச்சாமி மரத்தில் இரண்டு சுற்றுப் போட்டுக் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட, அருணகிரி இறங்கினான். குகை தெரிந்தது! திட்டு தெரிந்தது! திடீரென்று கயிறு நின்றது. அந்த நேரம் பார்த்து ஈ கிளம்பிவிட்டது.

"இறக்குடா! இறக்கு! ஈ கொட்டுதுடா!"

"கயிறு முடிஞ்சிருச்சுடா!"

இருநூறு அடிக் கயிறு எப்படி முடியும்? பொய்! பயந்துவிட்டான், இல்லையென்றால் வேறு ஏதோ நினைக்கிறான். அருணகிரி கத்தினான். இன்னும் ஆறடி மட்டும் இறங்கினான். அதோடு கயிறு முழுதாக அவனோடு விழுந்தது. திட்டில் மோதித் தொடை எலும்பு முறிந்தது. மேலே வந்து விழுந்த கயிற்று நுனியைப் பார்த்தான். அறுந்த நுனி அல்ல, அவிழ்த்த நுனி.

ஆஸ்பத்திரிக்கு, இரண்டு கையிலும் கட்டோடு செல்லச்சாமி வந்தான். "அவனை உள்ளே விடாதீங்க" என்று அருணகிரி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். பொற்கொடி பேச்சும் அதோடு போயிற்று. அவன் ஊரை விட்டே போனான். கம்பத்தில் செல்லச்சாமிக்குக் 'கயித்தவிட்டான்' என்று பேர் நிலைத்தது. குகையில் என்ன இருந்தது என்று கேட்கிறீர்களா? வௌவால் எச்சம். அதில் கால் முறிந்தவன் ஒரு பகல் முழுக்கக் கிடந்தான், அவ்வளவுதான்.

"ஐயா, வந்தாச்சு!"

ஈப்பாறை உச்சி. அருணகிரி மல்லாந்து விழுந்து ஐந்து நிமிடம் வானத்தைப் பார்த்தார். பிறகு வேலையை ஆரம்பித்தார். டேப்பின் நுனியில் கல்லைக் கட்டி, வெள்ளச்சி விளிம்பில் படுத்துக்கொண்டு இறக்கினாள். டேப் போதாத இடத்தில் சரடு முடிந்தார்கள்.

"திட்டுல தட்டிருச்சுங்கய்யா!"

அளந்து கூட்டினார். நூற்று நாற்பத்தெட்டு அடி. இருபத்து நாலு வயதுப் பையனின் கணக்கில் இரண்டே அடிதான் பிசகு! அருணகிரி தொடையில் தட்டிக்கொண்டார். ஆழம் சரி. கயிறு இருநூறு. அப்படியானால் செல்லச்சாமி விட்டது விட்டதுதான். சட்டைப்பையிலிருந்து மைப்பேனாவை எடுத்தார். ஜெயித்துவிட்டோம் என்றிருந்தது. ஆனால் ஏனோ சந்தோஷம் வரவில்லை. களைப்புத்தான் இன்னும் கூடியது.

"இங்க என்னமோ இரும்பு கெடக்கு" என்றாள் வெள்ளச்சி. கொடியைக் கொத்தாகப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்தாள்.

வேங்கை மரம் இரண்டு மடங்கு பருத்திருந்தது. தடித்த விரலில் இறுகிய மோதிரம் மாதிரி, அதன் இடுப்பில் சங்கிலி பாதி புதைந்து கிடந்தது. மீதி துருப்பிடித்துத் தொங்கியது. அவருடைய சங்கிலி! அருணகிரி அதைத் தொட்டார். பழக்கதோஷத்தில் ஒரு வளையத்தின் மேல் டேப்பை வைத்தார்.

எட்டு அங்குலம்கூட முழுதாக இல்லை.

அடுத்த வளையத்தில் வைத்தார். அதே அளவு. பத்து வளையத்துக்கு ஒரு பித்தளை வில்லை. வில்லைக்கு வில்லை அளந்தார். பத்து அடி இருக்க வேண்டிய இடத்தில் ஆறரை அடிதான் இருந்தது. அருணகிரி டேப்பை அப்படியே கீழே போட்டுவிட்டார்.

"என்னங்கய்யா? தண்ணி குடிங்க!"

"வெள்ளச்சி... இது வேற சங்கிலிம்மா."

சாலை அளப்பவர்களின் சங்கிலி நூறு அடி. நிலம் அளப்பவர்களின் பழைய சங்கிலி அறுபத்தாறு அடி. இரண்டிலும் வளையம் நூறுதான், வில்லையும் ஒரே கணக்குத்தான். அன்றைக்கு ஆபீஸ் தட்டுமுட்டு அறையிலிருந்து அவசரமாக எடுத்து வந்தது நிலச் சங்கிலி. குறுகிய முற்றத்தில், புதையல் ஆசையில், வில்லையை மட்டும் எண்ணியிருக்கிறான் அந்த மடையன். இரண்டு சங்கிலி என்றால் நூற்று முப்பத்திரண்டு அடி. திட்டு நூற்று நாற்பத்தெட்டு.

கயிறு முடிந்துதான் போயிருக்கிறது!

தனி ஆளாக அவனை மேலே இழுக்க முடியாது. கீழே அவன் கொட்டுப்பட்டுக் கதறுகிறான். செல்லச்சாமி கயிற்றை மரத்திலிருந்து அவிழ்த்து, கையில் சுற்றிக்கொண்டு, விளிம்பில் குப்புறப் படுத்துத் தன் உடம்பளவு நீளத்தையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறான். அந்த ஆறடி அதுதான். அந்த ஆறடி இல்லாமல் பதினாறு அடியும் விழுந்திருந்தால், உடைந்தது தொடையோடு நின்றிருக்காது. நார்க் கயிறு உள்ளங்கைச் சதையை உரித்துக்கொண்டு போகும்வரை பிடித்திருக்கிறான்.

அருணகிரி மரத்தடியில் உட்கார்ந்து அழுதார். வெள்ளச்சி டேப்பையும் சரடையும் சுருட்டிப் பையில் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "எறங்குவமா? கூட ஆள் வேணுமின்னா என் தோளப் புடிச்சுக்கங்க" என்றாள். அவர் பிடித்துக்கொண்டார்.

பஸ்ஸில் பென்சில் வரியை அழித்துவிட்டு எழுதினார். இதில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. ஆளைக் குறை சொல்வதற்கு முன்னால் கருவியைச் சரிபார்க்க வேண்டும்; வேலையில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக் கொடுப்பார்கள். அவருக்கு அது புரிய நாற்பத்தைந்து வருடம் ஆனது.

கம்பத்தில் சைக்கிள் கடைக்குப் பின்னால் வீடு. கதவைத் திறந்தவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"யாரு?"

"அருணகிரி."

செல்லச்சாமி அவருடைய இடது காலைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காரு. கால் வலிக்கும்."

நாற்காலியைப் பிடித்திருந்த கையில் இரண்டு விரல் மடங்கவே இல்லை. அருணகிரி அதைப் பார்த்துவிட்டு, ஏட்டை எடுத்து வாசித்தார். "கயிறு நூற்று முப்பத்திரண்டு அடி. தவறாக அளந்தவன் நான். செல்லச்சாமி கயிற்றை விடவில்லை. கயிறு போதவில்லை."

"இன்னொரு தடவ வாசி."

வாசித்தார்.

"அப்ப... நெசமாவே முடிஞ்சுதான் போச்சா?"

"முடிஞ்சுதான் போச்சுடா."

செல்லச்சாமி சுவரில் சாய்ந்துகொண்டார். "நீ இருநூறு அடின்னு ஏட்டுல எழுதி வச்சிருந்தியே. நீ அளந்தா தப்பாதுன்னு எனக்குத் தெரியும். எங்கேயோ சிக்கியிருந்துருக்கு, நான்தான் பதட்டத்துல பாக்காம அவுத்துட்டேன்னு நெனச்சேன். ஊரு சொன்னதுக்குக் கோவமே வரலடா. நானும் அதத்தான் நம்புனேன்."

அருணகிரியால் அதைத் தாங்க முடியவில்லை. "என்னை ரெண்டு அடி அடிச்சிரு" என்றார்.

"அடிக்கிறதுக்குக் கை மடங்கணும்ல" என்று சொல்லி, செல்லச்சாமி போனை எடுத்தார். சாத்தூரில் பேரன் பேத்தியோடு இருக்கும் தங்கச்சிக்கு. நல்ல நாள் பெரிய நாளுக்கு மட்டுமே அண்ணனோடு பேசுகிறவள்.

"பொற்கொடி, கயிறு குட்டையாம்மா. நான் விடல. அளந்தவனே வந்து சொல்றான். இந்தா, இங்கதான் இருக்கான்."

போனை அருணகிரியிடம் கொடுக்கச் சொன்னாள். அவர் வாங்கிக் காதில் வைத்தார்.

"ஒரு கயிறு அளக்க நாப்பத்தஞ்சு வருசமா?" என்றாள் பொற்கொடி.

"ஆமாம்மா" என்றார் அருணகிரி.