ஆறு நிமிட அமைதி

நாற்பது நாட்களில் பதினேழாவது தடவையாக அந்தப் பிக்கப் வண்டி நடுவழியில் தானாக ஓரங்கட்டி நின்றது. கதவுகள் பூட்டிக்கொண்டன. கண்ணாடிகள் ஏறிக்கொண்டன. நான்கு மூலை விளக்குகளும் மஞ்சளாக மின்னத் தொடங்கின. முகப்புத் திரையில் அதே வரி வந்தது: ‘வண்டிக்குள் சண்டை. ஆறு நிமிடம் அமைதி காக்கவும்.’

“எந்தச் சவம் இங்க சண்ட போட்டுச்சு?” ஸ்டியரிங்கை ஓங்கிக் குத்தினாள் கித்தேரி. “ஏட்டி செலஸ்தீனா, நீ வாயத் தொறந்தியா?”

“இல்லக்கா” என்றாள் பக்கத்தில் இருந்த தங்கை, கடலைப் பார்த்தபடி.

“நான் தொறந்தேனா?”

“இல்லக்கா.”

பின்னால் கூடைகளில் வேம்பார் நண்டுகள் வெயிலில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. துறைமுகத்துக்கு உயிரோடு போனால்தான் அவை நண்டு. செத்துப் போனால் குப்பை.

முன்பெல்லாம் வண்டிகளில் முகப்புக்கு அடியில் ஒரு சாதாரணப் பெட்டி இருக்கும். கதவு, விளக்கு, துடைப்பான், ஹாரன் இவற்றைப் பார்த்துக்கொள்வதோடு அதன் வேலை முடிந்தது. வண்டிக்குள் நடக்கும் சண்டைகளால் சாகிறவர்கள் குடித்துவிட்டு ஓட்டிச் சாகிறவர்களை மிஞ்சிவிட்டார்கள் என்று ஒரு குழு கண்டுபிடித்துச் சொன்ன பிறகு, அரசு மனிதர்களைத் திருத்தும் வீண்வேலையில் இறங்கவில்லை. பெட்டிக்குக் காது வைத்தது. மெய்க்காவலி என்று பெயரும் வைத்தது. அது குரலைக் கேட்கும், இருக்கை வழியாக நாடி பார்க்கும். சண்டை என்று பட்டால் வண்டியை ஓரங்கட்டும். கோபத்தில் யாரும் குதித்துவிடக் கூடாது என்று கதவைப் பூட்டும். ஆறு நிமிடம் ஒருவரும் பேசாமல் இருந்தால் திறக்கும். இடையில் ஒரு கத்தல் கேட்டாலும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். கல்லுப் பிள்ளையாராக உட்கார்ந்திருக்கும் கணவன் மனைவிகளை எல்லா நெடுஞ்சாலை ஓரத்திலும் பார்க்கலாம். நாடு அமைதியாகிவிட்டதாக அரசு அறிக்கை சொன்னது.

குளத்தூர் மெக்கானிக் சுடலைக்கண்ணு முகப்புக்கு அடியில் மல்லாந்து படுத்து, டார்ச் விளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு அரை மணி நேரம் குடைந்தான். செலஸ்தீனா எதிரே டீக்கடையில் இருந்தாள்.

“வயரு நல்லாருக்கு, ப்யூஸு நல்லாருக்கு” என்று எழுந்தவன், சோதனைப் பலகையைப் பெட்டியில் கோத்தான். “பொட்டியும் கெடல கித்தேரியக்கா.”

“கெடாத பொட்டி எதுக்குல வண்டிய நிறுத்துது?”

“பதினேழு தடவயும் நீங்க ரெண்டு பேரும் பேசாம இருந்தப்பதான் நிறுத்தியிருக்கு. அதுக்கு முந்தி இதே மாதிரி ஒரே ஒருக்க நிறுத்தப் பாத்திருக்கு, ஆறு வருசம் ஆச்சு. அன்னைக்கி என்ன நடந்துச்சு?”

கித்தேரிக்கு நன்றாக நினைவிருந்தது. அப்பாவை அடக்கம் செய்த வாரம். மூன்று நாள் அக்காவோடு ஒரு வார்த்தை பேசாமல் வந்த செலஸ்தீனா, ஓடுகிற வண்டியிலிருந்து கதவைத் திறந்து குதித்தாள். அவளுடைய இடது மணிக்கட்டு இன்றைக்கும் கோணல்தான்.

“பழகுற பொட்டிக்கா இது” என்றான் சுடலைக்கண்ணு. “நீங்க கத்துவீங்க, அவ கத்துவா, பொறவு ரெண்டு பேரும் ஒரே டப்பாவுல திம்பீங்க. முத வருசம் தெனமும் நிறுத்தியிருக்கு. பொறவு இது சண்ட இல்லன்னு புரிஞ்சுக்கிடுச்சு. எது சண்டன்னும் படிச்சு வச்சிருக்கு. இப்ப ரெண்டு பேருக்கும் நடுவுல என்னமோ...”

“ஏல, ஒன்னைய வண்டிய பாக்கச் சொன்னேனா, என் வீட்டப் பாக்கச் சொன்னேனா?”

என்னவென்று கித்தேரிக்குத் தெரியும். நாற்பது நாட்களுக்கு முன்னால் ஆழ்கடல் நிலையத்திலிருந்து செலஸ்தீனாவுக்கு வேலை வந்திருந்தது. நான்கு வருடம் கடலடியில் வாசம். தங்கை குளித்துக்கொண்டிருந்த நேரத்தில், அவள் கைப்பேசியை எடுத்து ‘விருப்பமில்லை’ என்று பதில் போட்டது கித்தேரிதான். அவளும் போய்விட்டால் அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? அன்று மாலையே செலஸ்தீனா அந்தப் பதிலைப் பார்த்துவிட்டாள். பார்த்ததைக் கித்தேரியும் பார்த்தாள். கூரை பிய்கிற மாதிரி ஒரு கத்தலுக்குக் காத்திருந்தாள். கத்தல் வரவில்லை. மன்னித்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டாள். அப்படி எடுத்துக்கொள்வதுதான் வசதியாக இருந்தது.

“வேற பொட்டி போடு.”

“போடுதேன். பழசுல படிச்சதப் புதுசுக்கு மாத்திவிட்டுருதேன். அரை மணி நேரந்தான் ஆகும், எல்லாரும் அப்படித்தான் செய்யுதாங்க.”

“ஒண்ணும் மாத்தாண்டாம். புதுசு புதுசாவே இருக்கட்டும். என் தங்கச்சியப் பத்தி ஒரு பொட்டி எனக்குச் சொல்லாண்டாம்.”

சுடலைக்கண்ணு பேட்டரி இணைப்பைக் கழற்றினான். பழைய பெட்டியின் கிளிப்புகளை உருவிப் புதியதில் மாட்டினான். வண்டி எண்ணைப் பதித்தான், சாவிகளை அறிமுகம் செய்தான். இருவரும் ஒருமுறை தங்கள் பெயரைச் சொல்ல வேண்டும் என்றான். கித்தேரி கத்திச் சொன்னாள். டீக்கடையிலிருந்து வந்த செலஸ்தீனா மெல்லச் சொன்னாள். பெட்டிக்குச் செலஸ்தீனாவைத்தான் பிடித்தது. ‘இனிய குரல்’ என்று திரையில் எழுதியது.

மறுநாள் காலை நண்டு ஏற்றியபோது செலஸ்தீனா இரண்டு சோற்று டப்பாக்களை வண்டியில் வைத்தாள். ஒன்பது வருடமாக ஒரே டப்பாதான்.

வைப்பாறு தாண்டியது. தருவைகுளம் நெருங்கியது. வண்டி ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

“கண்ணாடிய ஏத்தட்டுமாக்கா?”

“ஏத்து.”

“தண்ணி வேணுமாக்கா?”

வேற்று ஆளிடம் பேசுகிற அந்த மரியாதையைக் கித்தேரியால் தாங்க முடியவில்லை. “ஏட்டி மூதி!” என்று வெடித்தாள். “திட்டுறதுன்னா திட்டு! அந்தப் பதில நாந்தான்...”

திரை மஞ்சளாயிற்று. ‘குரல் உயர்கிறது. அடுத்த முறை வண்டி நிற்கும்.’

பின்னால் நண்டுகள் கூடையைப் பிறாண்டின. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கித்தேரி மீதி வார்த்தைகளை விழுங்கினாள்.

“சொல்லுக்கா” என்றாள் செலஸ்தீனா. முதல் தடவையாகத் திரும்பி அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

“ஒண்ணுமில்ல.”

செலஸ்தீனா மறுபடி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

துறைமுக வாசலில் வண்டி நின்றதும் திரை பச்சையானது. ‘பயணம் நிறைவு. இணக்கம்: நூற்றுக்கு நூறு.’ செலஸ்தீனா இறங்கிக் கூடைகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தாள். ஒரு நண்டுகூடச் சாகவில்லை. பிறகு அவள் இருக்கைக்குப் பின்னாலிருந்து ஒரு பையையும் தன் டப்பாவையும் எடுத்தாள்.

“திரும்ப எழுதிக் கேட்டேன்க்கா. வரச் சொல்லிட்டாங்க. இந்தத் தடவ பதில நானே போட்டேன். பதினோரு மணிக்குப் படகு.” அவள் குரல் ஏறவே இல்லை. “டப்பாவுல மீன் வறுத்து வச்சிருக்கேன். ஆறுததுக்குள்ள சாப்புடு.”

கதவை மெதுவாகச் சாத்தினாள்.

கித்தேரி அந்தச் சன்னல் பக்கம் சாய்ந்தாள்.

“ஏட்டீ! நில்லுட்டி! போவாத, நான் செஞ்சது தப்புட்டி!”

கதவுகள் பூட்டிக்கொண்டன. கண்ணாடிகள் ஏறிக்கொண்டன. நான்கு மூலை விளக்குகளும் மின்னின. ‘வண்டிக்குள் சண்டை. ஆறு நிமிடம் அமைதி காக்கவும்.’

“தொறல சவமே! இங்க யாருல இருக்கா, நான் யார்கூடச் சண்ட போடுதேன்?”

ஆறு நிமிடம் முதலிலிருந்து தொடங்கியது.

கத்திக்கொண்டே கண்ணாடியை முழங்கையால் இடித்தாள். மறுபடி ஆறு. வெளியே செலஸ்தீனா ஒருமுறை திரும்பினாள். மின்னுகிற விளக்குகளைப் பார்த்தாள். அக்கா கத்துகிறாள் என்பது அவளுக்குத் தெரிந்தது. என்ன கத்துகிறாள் என்பது கேட்கவில்லை. பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு படகுத் துறைப் பக்கம் நடந்தாள்.

பழைய பெட்டியாக இருந்தால் அந்தக் கத்தலைச் சண்டையாக எடுத்துக் கதவைப் பூட்டியிருக்காது. அது இப்போது சுடலைக்கண்ணுவின் பட்டறையில் பழைய வயர்களோடு கோணிக்குள் கிடந்தது.

வெளியே போக ஒரே வழிதான் இருந்தது. கித்தேரி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு அமைதி காத்தாள். ஐந்து. நான்கு. படகின் சங்கு ஊதியது. அவள் அசையவில்லை. மூன்று. இரண்டு. ஒன்று.

பூட்டுகள் விடுபட்டன.

‘சண்டை தீர்ந்தது’ என்றது திரை. ‘உங்கள் இணக்கத்துக்கு நன்றி.’