கிண்ணத்தில் வைத்த மாத்திரை

“மாத்திரை என் தொண்டைக்குள்ள இறங்கவே இல்லைங்கறேன். நீங்க திரும்பத் திரும்ப இறங்கிடுச்சுங்கறீங்க!”

“இறங்காம றெக்கை கட்டிப் பறந்தா போச்சு?”

“அதை உங்க சின்ன சிஸ்டரைக் கேளுங்க.”

கத்தியவர் தையல்காரர். முந்தின நாள்தான் தொடையிடுக்கில் சிறு துளை போட்டு, மெல்லிய குழாயை உள்ளே ஓட்டி, அடைத்துக்கொண்டிருந்த கால் ரத்தக்குழாயைத் திறந்துவிட்டிருந்தார்கள். பதில் சொன்னவர் தலைமை நர்ஸ். சுவரோரம் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றவள் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த சின்ன நர்ஸ். காணாமல் போனது ஒரே ஒரு மாத்திரைதான். ஆனால் பூட்டிய அலமாரியிலிருந்து எடுக்கிற, போதை தரும் வலி மாத்திரை. சாயங்காலத்துக்குள் அது கிடைக்காவிட்டால் அவள் வேலையும் போய்விடும்.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார் வலி டாக்டர். சிகிச்சை முடிந்தவர்களின் வலியை அளந்து மருந்து சொல்வது அவர் வேலை. எதையும் துருவித் துருவிக் கேட்பதால் வார்டில் அவருக்கு ‘சிஐடி’ என்று பட்டப்பெயர். அது அவருக்குத் தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

“இப்ப வலி பத்துக்கு எத்தனை?”

“எட்டு டாக்டர். துளை போட்ட இடம் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது.”

டாக்டர் தொட்டுப் பார்த்தார். வீக்கம் இல்லை. இரண்டு பாதத்திலும் ஒரே அளவு சூடு. நாடி நன்றாகத் துடித்தது. மருந்து போய்ச் சேராத வலி, அவ்வளவுதான். “இவருக்கு வேற மாத்திரை கொடுங்க. என் கண்ணு முன்னாடி.”

பிறகு சின்ன நர்ஸிடம் திரும்பினார். “அவர் முழுங்கினதைப் பார்த்தியாம்மா?”

அவள் தலை தாழ்ந்தது. “இல்ல மேடம். காலையில போனப்போ தூங்கிட்டிருந்தார். எழுப்ப மனசு வரல. கிண்ணத்தை ரெண்டு கட்டிலுக்கும் நடுவுல மேசையில வச்சேன். பக்கத்து ரூம்ல மணி அடிச்சாங்க, ஓடிட்டேன்.”

“அப்புறம் ஏன் பார்த்தேன்னு சொன்னே?”

“பயந்துட்டேன் மேடம்.”

“கேட்டீங்களா கதையை!” என்றார் தலைமை நர்ஸ்.

“பொய் சொன்னது நிஜம்தான். எடுத்தாளான்னு இன்னும் தெரியலையே.”

அந்த நேரத்தில் அறையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் தையல்காரரின் மனைவி. “எனக்கு மாத்திரைன்னாலே குமட்டும் டாக்டர். வேணும்னா பையைக் கொட்டிக் காட்டறேன்.”

இன்னொருவர் பக்கத்துக் கட்டில் லாரி டிரைவர். அவருக்கும் அதே சிகிச்சைதான், இரண்டு நாள் முன்னால். நாற்காலியில் உட்கார்ந்து, போர்வையை முழங்கால்மேல் போட்டுக்கொண்டு சிரித்தார். “வலின்னு ஒண்ணு இருந்தாத்தானே டாக்டரம்மா மாத்திரை? எப்பக் கேட்டாலும் நான் பூஜ்யம்தான்.”

“தங்கமான பேஷண்ட்,” என்றார் தலைமை நர்ஸ்.

“டிரைவர் அண்ணனைப் போய்ச் சந்தேகப்படாதீங்க,” என்றாள் தையல்காரரின் மனைவி. “கட்டில்ல எங்க பையை வச்சுக்கச் சொல்லிட்டு, ராத்திரி பூரா இப்படியே காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கார். இன்னிக்குக் காலையிலதான் கண்ணசந்தார். அப்பப்பா, என்ன குறட்டை! லாரி மலையேறுற மாதிரி.”

எல்லோரும் சிரித்தார்கள், டிரைவர் உட்பட. டாக்டர் சிரிக்கவில்லை.

“துளை போட்ட இடத்துலயாவது வலி இருக்கா? இருமும்போது?”

“துளிகூட இல்ல.”

டாக்டர் குனிந்து போர்வையை விலக்கினார். டிரைவர் காலை இழுத்தார். “விடுங்கம்மா, கூசுது.”

டாக்டர் விடவில்லை. இடது பாதம் வெதுவெதுப்பாக இருந்தது. வலது பாதம், குழாயடிக் கல் போலச் சில்லென்று. தொங்கும்போது கருஞ்சிவப்பு, தூக்கிப் பிடித்ததும் வெளுத்துப்போனது. நாடியைத் தேடிய விரலுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

“மாத்திரையை எடுத்தது நீங்கதான்.”

டாக்டர் நிமிர்ந்தார்.

“சதையில துளை போட்டுக்கிட்டவங்க யாரும் துளிகூட வலி இல்லைன்னு சொன்னதில்ல. நீங்க மட்டும் சொன்னீங்க. ரத்தம் வராத கால் படுத்தா கொல்லும், தொங்கப் போட்டா கொஞ்சம் அடங்கும். அதனாலதான் நாற்காலி. விடிய விடிய முழிச்சவர் அந்தக் கிண்ணம் வந்த பிறகு குறட்டை விட்டார்.” தலைமை நர்ஸைப் பார்த்தார். “நாம பத்துக்கு எத்தனைன்னு கேட்டோம் சிஸ்டர். பாதத்தைத் தொடல.”

“கூசுதுன்னார்...” தலைமை நர்ஸின் குரல் உள்ளே போயிற்று.

டிரைவரின் சிரிப்பு எப்போதோ கழன்று விழுந்திருந்தது. “எங்க அண்ணனுக்கும் இதே வியாதி. கேட்டாங்க, பத்துன்னு வாயைத் திறந்து சொன்னான். மறுநாளே முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. பிரேக் மிதிக்கிற காலும்மா எனக்கு. அதான் பூஜ்யம், பூஜ்யம்னு... இன்னிக்குத் தாங்கல. பாவம், அந்தப் பொண்ணு மேல பழி விழும்னு தோணல.”

“அவர் பத்து சொன்னதால எடுக்கல. ரத்தம் போகாததால எடுத்தாங்க.” டாக்டர் அதற்குள் போனில் இருந்தார். “திறந்த குழாய் மறுபடி அடைச்சிருக்கு. வலது கால். இன்னிக்கே இல்ல, இப்பவே.” போனை வைத்தார். “விரலை அசைங்க. ம். தொட்டா தெரியுதா?”

“தெரியுது, மரத்தாப்ல.”

சின்ன நர்ஸ் தள்ளுவண்டியோடு ஓடி வந்தாள். தையல்காரரும் தன் வலியை மறந்து எட்டிப் பார்த்தார். டிரைவரைத் தூக்கிப் படுக்க வைத்ததும் அவர் பல்லைக் கடித்தார்.

“இப்ப பத்துக்கு எத்தனை?” என்றார் டாக்டர்.

“பத்தும்மா. பத்து.”

வண்டி நகர்ந்தது. டிரைவரின் கை டாக்டரின் கோட்டு விளிம்பைப் பிடித்துக்கொண்டே வந்தது.

“டாக்டரம்மா, நான் கண் முழிக்கறப்போ கால் இருக்கும்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.”