பறந்துபோன கணக்கு நோட்டு அட்டை

திண்டிவனத்துக்கு வெளியே, பனைமரங்களுக்கு நடுவில் ஒரு செம்மண் மைதானம். அங்கே மோட்டார் சைக்கிள்கள் ஓடவில்லை, பறந்தன!

மண்மேட்டில் ஏறிய வண்டி ஒன்று அப்படியே ஆகாயத்தில் எழும்பி, அந்தப் பக்கம் போய் இறங்கியது. பானுப்ரியா திறந்த வாயை மூடவே இல்லை. வண்டியை ஓட்டியது அவளுடைய அருணா அக்கா! நேற்று கடைசி தோசைக்குச் சண்டை போட்ட அதே அக்காவா இது?

அப்பா குமரேசன் கூட்டேரிப்பட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். அவர்களுடைய பந்தய அணியில் மொத்தம் மூன்றே பேர். ஓட்டுவது அக்கா, ரிப்பேர் பார்ப்பது அப்பா, கத்துவது பானு. 'குட்டி யானை' எனும் சின்னச் சரக்கு வண்டியில் பைக்கோடு பானுவின் பள்ளிப் பையும் வந்திருந்தது. வீட்டுப்பாடம் முடித்தால்தான் பந்தயம் என்பது அப்பாவின் சட்டம்.

பக்கத்துக் கூடாரம் ஒரு பெரிய அணியுடையது. அங்கே தண்ணீர் எடுத்துக் கொடுக்கவே தனியாக ஓர் ஆள் இருந்தார்.

முதல் ஓட்டம் முடிந்து அக்கா வந்தாள். பதினான்காவது இடம்.

"ஒண்ணுமே தெரியலப்பா! மூடுபனியில ஓட்டிக்கினு போன மாதிரி இருக்கு!"

புழுதி அடங்க மைதானத்தில் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். அதனால் முன்னால் போகும் வண்டிகள் சேற்றை வாரி அடித்தன. ஓட்டுபவர்கள் கண்ணுக்குப் போடும் கண்ணாடிமேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள்களை அடுக்கி மாட்டியிருப்பார்கள். சேறு பட்டதும் ஒன்றை உருவி எறிந்தால், கீழே சுத்தமான தாள் இருக்கும்.

அப்பா தலையைச் சொறிந்தார். "போன ரேஸ்ல எறிஞ்சதெல்லாம் வீணா போவுதேன்னு பொறுக்கினு வந்தேம்மா. தேங்காய் நார் போட்டுத் தேய்ச்சுக் கழுவினேன். அதான் கீறலாயிடுச்சு."

"தேங்காய் நாரா? இது என்ன குழம்புச் சட்டியாப்பா?"

அப்பா பக்கத்துக் கூடாரத்துக்கு ஓடினார். மெக்கானிக் அலெக்ஸ் நல்லவர். கேட்டதும் தாள்களை எடுத்துக் கொடுத்தார். ஆனால் அக்காவின் கண்ணாடிக்கு அவை சிறியவை.

இரண்டாம் ஓட்டத்துக்கு அரை மணி நேரம்தான் இருந்தது. அதில் முதல் ஐந்து பேருக்குள் வந்தால்தான் அடுத்த மாத இறுதிப் போட்டிக்குப் போக முடியும். அக்கா கலங்கிய கண்ணோடு கீறல் தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்க்கப் பார்க்க பானுவுக்கும் அழுகை வந்தது.

அக்காவுக்குக் கைக்குட்டை எடுக்கப் பள்ளிப் பையைத் திறந்தாள். நீளக் கணக்கு நோட்டுக்குப் போட்டிருந்த, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் அட்டை வெயிலில் பளபளத்தது.

"அக்கா! இதுல பளிச்சுனு தெரியுது பாரு!"

"நோட்டு அட்டையா? வேணாம் பானு. டீச்சர் திட்டுவாங்க."

"திட்டினா திட்டட்டும். நீ பறக்கணும்."

ஐந்து நோட்டுகளின் அட்டைகளையும் கழற்றினாள். பழைய தாளை மேலே வைத்து அளவாக வெட்டினாள். மாட்டுவதற்குக் காம்பஸ் முனையால் துளை போட்டாள். உருவுவதற்காக நீட்டி விட்ட வால்நுனியில், அந்தந்த நோட்டின் பெயர்ச்சீட்டை ஒட்டினாள்.

"அது எதுக்குடி?"

"கிளவுஸ் போட்டுக்கினு வழுவழுன்னு இருந்தா எப்படி இழுப்ப?"

அப்பா கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். "அடேயப்பா! வானூர் வரைக்கும் தெரியுதே!"

கொடி அசைந்தது. சேறு தெறித்தது. அக்கா முதல் தாளை உருவி எறிந்தாள்.

"தமிழ் போச்சு!" என்று பானு குதித்தாள்.

"இங்கிலீஷும் போச்சும்மா!" என்று அப்பாவும் குதித்தார்.

அக்கம்பக்கத்தில் நின்றவர்கள் இருவரையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

அறிவியல் போனது, சமூக அறிவியல் போனது. கடைசிச் சுற்று. அக்கா ஆறாவது! முன்னால் போன வண்டி ஒரு வாளி சேற்றை அவள் முகத்தில் அடித்தது. அவள் கணக்கை உருவினாள், மேட்டில் ஏறினாள், எழும்பினாள். பனைமரங்களே கீழே இருப்பதுபோல் தெரிந்தது. பானுவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கத்தக்கூட மறந்துபோனாள்.

முன்னால் போனவரைத் தாண்டிப் போய் இறங்கினாள் அக்கா. ஐந்தாவது இடம்!

சேறாகவே வந்து பானுவைத் தூக்கிச் சுற்றினாள். அப்போது அலெக்ஸ் ஒரு பிளாஸ்டிக் தாளைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"டிராக்ல கிடந்துச்சுங்க. 'பானுப்ரியா, ஐந்தாம் வகுப்பு, கணக்கு'ன்னு போட்டிருக்கு. யாருங்க இது?"

அப்பாவும் அக்காவும் ஒரே நேரத்தில் கையைக் காட்டினார்கள்.

அலெக்ஸ் பானுவை மேலும் கீழும் பார்த்தார். "சூப்பர் பாப்பா! எங்களுக்கும் செஞ்சு குடுப்பியா? இன்னும் எத்தனை நோட்டு வச்சிருக்க?"

பானு யோசித்தாள்.

"வீட்டுல டிராயிங் நோட்டு ஒண்ணு இருக்குங்கண்ணா. ஆனா அது அடுத்த மாசம் எங்கக்காவுக்கு!"