பொட்டு வைத்த பிரஸ்

விஜயதசமி காலையில் கிளமான் உப்பளம் வட்டாரத்து ஒர்க் ஷாப்பின் ஷட்டரைத் தூக்கினார். முந்தின நாள் ஆயுத பூஜையின் சந்தனமும் வாடிய வாழையிலையும் மூக்கில் ஏறின. டப்பா மூடி அடிக்கிற பெரிய பிரஸ் புதுப் பெயிண்டும் மாலையுமாகக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது.

எந்த மிஷின் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று முடிவு செய்கிறவர் சூப்பர்வைசர் கிளமான்தான்; பிரெஞ்சு வழக்கப்படி எல்லோரும் அவரை 'முசியே' என்பார்கள். நிறுத்துவதென்றால் அவருக்கு வேப்பங்காய். ஓட ஓட பிரஸ்ஸின் கிளட்ச் தேய்ந்து, பெடலை மிதிக்காமலே அடி இறங்க ஆரம்பித்தது. அதை ஓட்டிய தையல்நாயகி கெஞ்சினாள்.

"முசியே, தானா எறங்குது. பயமா இருக்கு. ஒரு நாள் நிறுத்தி கிளட்ச மாத்திடுங்க."

"இந்த ஆர்டர் முடியட்டும்மா. பூசைக்கு எப்படியும் நிறுத்துவோம், அப்ப பாத்துக்கலாம்."

போன வாரம் தானாக இறங்கிய அடியில் அவளுடைய வலது கை போயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிரும் போயிற்று. அப்புறமாவது மாற்றினாரா? பூஜைக்கு நிறுத்தி, கழுவி, பெயிண்ட் அடித்து, பொட்டு வைத்து, அதையே சர்வீஸ் என்று சொல்லிவிட்டார் பாவி!

பயந்துபோய் இன்று பிரஸ் ஓட்ட யாரும் வரவில்லை. சாயங்காலம் லாரி வரும். மூடி இல்லையென்றால் கிளமானின் வேலை போய்விடும். தானே அடித்து முடிப்பதென்று சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

"கிளட்ச் அப்படியேதான் இருக்கு முசியே. கைய வெக்காதீங்க," என்று வாசலிலேயே நின்றுகொண்டார் ஃபிட்டர் வெற்றிவேல்.

"இன்னும் சுவிட்சே போடலப்பா."

தகட்டைச் சரியாக வைக்கக் கையை உள்ளே நீட்டினார்.

சந்தன வாசனை போய் ரத்த வாடை அடித்தது.

மணிக்கட்டை எதுவோ பற்றியது.

குளிர்ந்த, ஈரமான விரல்கள்.

மேலே பிரஸ் முனகியது. கிளமான் கையை வெடுக்கென்று இழுத்தார்; வரவில்லை.

"விட்டுடும்மா! இன்னிக்கே மாத்திடுறேன்!"

காதோரம் மெல்லிய குரல்.

"இந்த ஆர்டர் முடியட்டும் முசியே."

டம்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது வலது கை இல்லை. பக்கத்தில் வெற்றிவேல் உட்கார்ந்திருந்தார்.

"கரண்டு ஒயர அறுத்துட்டு, ஷட்டர பூட்டிட்டுத்தான் வந்தேன் முசியே. லாரி வந்தப்ப போயி தொறந்து பாத்தா, பெட்டியெல்லாம் அடிச்ச மூடி நெறஞ்சிருக்கு. ஒவ்வொண்ணுலயும் ஈரக் குங்குமம்." அவர் கிளமானின் பக்கம் குனிந்தார். "ஒரே ஒரு பெட்டிதான் காலி. ஆர்டர் இன்னும் முடியல."

போர்வைக்குள், கிளமானின் இடது மணிக்கட்டை எதுவோ ஈரமாகப் பற்றியது.